மலைநாடும் காஞ்சி மாநகரும்



சவ்வாது மலைமேல் அமைந்த புதூர்நாட்டில் குடமுழுக்கு விழா நிகழும் இந்நன்னாளில், எழுபது மைலுக்கு அப்பால் சமவெளியில் கிடக்கும் காஞ்சி மாநகரைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இம்மலைவாழ் மக்களாகிய மலையாளிகள், தங்கள் முன்னோர் வாழ்ந்த ஊர் எது என்று வினவினால், தலைமுறை தலைமுறையாகக் காஞ்சியையே சுட்டி வந்துள்ளனர். மலையாளி என்னும் பெயர் ஈண்டு மலையை ஆள்பவர் என்னும் பொருள் தருவது. சேர நாட்டு மொழியோடு அதற்குத் தொடர்பில்லை. மலைநாட்டுக் கோயிலின் விழாவில் காஞ்சியை நினைப்பது, மணவிழாவில் தாய்வீட்டை நினைப்பது போன்றதே ஆகும்.

காஞ்சியின் பழமையைக் கல்வெட்டாலும் சிற்பத்தாலும் செப்பேட்டாலும் ஆராய்ந்தோர் பலர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சாகிய நிலப்படங்களைக் கொண்டு ஆராய்வது அத்துணை வழக்கமன்று. அப்படங்களில் மன்னர் பெயர் இல்லை, போர் இல்லை, கோயிலின் தலபுராணமும் இல்லை. ஆறும் ஏரியும் சாலையும் ஊர்ப்பெயரும் உண்டு. கோயிற் புராணங்களும் மலைநாட்டுக் கதைகளும் எவற்றை நினைவில் வைத்திருக்கின்றன என்று கூர்ந்து நோக்கினால், அவையும் பெரும்பாலும் ஆறும் ஏரியும் சாலையும் ஊர்ப்பெயருமாகவே இருத்தலைக் காணலாம்.

முதலில் மலைநாட்டின் கதை. வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை எழுத்தில் பதித்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் இதனை எடுத்தாண்டார். கங்குந்தி என்னும் ஊரின் வேடர்கள், காஞ்சியில் வாழ்ந்த காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர் எழுவர் கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர், ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். 'நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள்' என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வழியில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியது. ஆடவர் அரும்பாடுபட்டு நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதியாறு நீந்தி, வெள்ளத்திற்கு அஞ்சித் திரும்பிக் காஞ்சியை அடைந்தன. வேடரை வென்று எழுவரும் மீண்டபோது, இல்லந்தோறும் ஈமக்கடன் முடிந்து மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டிருந்தனர். இறந்தவர் என்று ஊரார் முடிவு செய்துவிட்டபின், அவர்களுக்கு ஊரில் இடமில்லை. எழுவரும் வேடர் குலப் பெண்களை மணந்து, சவ்வாது மலையேறி உழவராயினர். அவர் வழிவந்தோரே இம்மலையாளிகள் என்பது கதை.

சேர்வராயன் மலைப் பகுதியில் இக்கதை வேறு வடிவம் கொள்கிறது. ஆங்கே காஞ்சியில் இருக்க மனமின்றிக் கரிராமன் என்னும் தெய்வமே நகரை விட்டு நீங்கிற்றாம்; பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு தெய்வத்தைத் தொடர்ந்து சென்று வெவ்வேறு மலைகளை அடைந்தனராம். இரு வடிவத்திலும் காஞ்சியே புறப்படும் இடம். மலையே சேரும் இடம்.

இனி நிலப்படத்திற்கு வருவோர், அது பிறந்த வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. இந்திய நில அளவைத் துறை 1767இல் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் பின்னி நாடு முழுவதையும் அளந்தனர். மலையுள்ள இடங்களில் மலையுச்சி உதவிற்று. மலையில்லாத சோழநாட்டில் கோயில் கோபுரங்களே உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் லாம்டனின் கோணமானியை ஏற்றுங்கால் கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள அக்கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், தம் கையாலேயே வாரக்கணக்கில் தட்டி நேராக்கினாராம். இராசராசன் எழுப்பிய விமானத்திற்கு அத்தகைய பணியும் ஒருநாள் வாய்த்தது.

தொடக்ககாலப் படங்களில் மலைகளைக் கம்பளிப்பூச்சி போன்ற மயிர்க்கோடுகளால் தீட்டினர். உயரம் அறிய வழியில்லை. 1905இல் நாடு முழுவதையும் புதிதாக அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வண்ணப்படங்கள் வெளியிட முடிவு செய்தனர். நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள், ஊருக்கும் சாலைக்கும் சிவப்பு, சமவுயரக் கோடுகளுக்குக் காவி நிறம். 1956இல் மீட்டர் அளவைச் சட்டம் வந்தபின், ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு என்னும் புதிய அளவு இதன் இடத்தைப் பெற்றது. ஆகவே நூற்றாண்டின் நடுவில் திருத்தி அச்சிட்ட அங்குல மைல் தாள்கள், மைலும் அடியும் வழங்கிய காலத்தின் இறுதிச் சான்றுகளாக நிற்கின்றன. நகரங்கள் வீங்கிப் பெருகுவதற்கு முன் நாடு எவ்வாறு இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. 1950களில் அமெரிக்க நாட்டுப் படைத்துறையும், இந்திய அளவைப் படங்களை ஆதாரமாகக் கொண்டு, இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் இந்தியா முழுமைக்கும் தாள்கள் அச்சிட்டது. பீரங்கி செல்லும் வழி பார்க்க அச்சிட்ட தாள், இன்று குளம் கிடந்த இடம் பார்க்க உதவுவது காலத்தின் விந்தை.

இத்தாள்களுக்கு எண் உண்டு. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை முதல் 79 வரையும், வடக்கு அட்சரேகை 12 பாகை முதல் 13 வரையும் உள்ள நிலப்பரப்பு 57 எல் எனப்படும். அதற்குக் கிழக்கே உள்ள கட்டம் 57 பி. புதூர்நாடும் சமுனாமரத்தூரும் திருப்பத்தூரும் 57 எல் பகுதியைச் சார்ந்தன. காஞ்சி 57 பி பகுதியைச் சார்ந்தது. இரண்டையும் பிரிக்கும் 79ஆம் தீர்க்கரேகை, சவ்வாது மலையின் கிழக்குச் சரிவின்மீது செல்கிறது. புதூர்நாட்டையும் காஞ்சியையும் ஒருங்கே காண விரும்புவோர் அங்குல மைல் தாள்கள் பலவற்றை அடுத்தடுத்து ஒட்டுதல் வேண்டும். அவ்வாறு ஒட்டினால் இரண்டு ஊர்க்கும் இடையே தாளில் உள்ள தொலைவு ஏறக்குறைய ஒரு மனிதன் உயரம்.

அத்தாள்களில் முதலில் கண்ணைக் கவர்வது பாலாறு. காஞ்சி ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. சவ்வாது மலை ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. காஞ்சியிலிருந்து எவ்வழி வந்தாலும் பாலாற்றைக் கடவாமல் இம்மலையை அடைய இயலாது. படத்தில் அவ்வாறு அகன்ற மணற்பரப்பாகப் புள்ளிகளால் குறிக்கப்பெற்று, கடத்தற்கு எளியதாகவே தோன்றும். ஆயினும் 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியதும் அம்மணலாறே. 2021 நவம்பரில் வேலூர் முதல் காஞ்சி வரை இருகரையும் புரண்டு ஓடியதும் அதுவே. வறண்ட ஆறு திடீரெனப் பெருகி வழிமறிக்கும் இயல்பைக் கண்ணாரக் கண்டவர்களே, நாய்கள் பாதியாற்றில் திரும்பிய கதையைக் கட்டியிருத்தல் கூடும். எழுவர் சென்றதும் வேடரை வென்றதும் உண்மையோ அன்றோ என்பதற்கு நிலப்படம் சான்றாகாது. கதை சொன்ன மலைமக்கள் காஞ்சிக்குப் போகும் வழியை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

இனிக் காஞ்சி நகருள் புகலாம். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இந்நகரின் சுற்றளவு முப்பது லீ என்று குறித்தார். அவருக்கு முன்பே தமிழ்ப் புலவர் சொல்லால் நகரின் படத்தை வரைந்து வைத்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்குக் காஞ்சிக்கு வழி கூறுகிறது. நகரைத் தாமரைப் பொகுட்டோடு ஒப்பிடுகிறது. தண்டியலங்காரத்தில் எடுத்துக்காட்டாக வரும் ஒரு வெண்பாவோ காஞ்சியை மயிலாகக் காண்கிறது. இரண்டு ஏரிகள் அம்மயிலின் சிறகுகள், மதில் வயிறு, சோலை தோகை, அத்தியூர் வாய். அத்தியூர் என்பது வரதராசப் பெருமாள் எழுந்தருளிய சின்னக் காஞ்சி.

நூற்றாண்டின் நடுவில் அச்சான தாளை விரித்து அம்மயிலைத் தேடுபவர் ஏமாற்றம் அடையார். நகரம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. பெரிய காஞ்சி ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மையையும் கொண்டு அகன்றிருக்கிறது. அங்கிருந்து நீண்ட தேர்வீதி ஒன்று தென்கிழக்கே சென்று சின்னக் காஞ்சியை அடைகிறது. மயில் அலகை நீட்டியது போன்ற அத்தோற்றம் வானூர்தி ஏறாமலே புலவர்க்குத் தெரிந்தது எவ்வாறு? கோபுரத்தின் மேலிருந்து பார்த்தாரோ, திருவிழாக்காலத்தில் உற்சவமூர்த்தியோடு தெருத்தெருவாக நடந்து அறிந்தாரோ! நகரைச் சுற்றிலும் நீலத் திட்டுகளாக ஏரிகள் உள்ளன. அவற்றுள் கிழக்கே உள்ள நத்தப்பேட்டை ஏரியும், நகரின் நடுவே ஓடி அவ்வேரிக்கு நீர் கொண்டுசெல்லும் மஞ்சள் நீர்க் கால்வாயும் கருதத் தக்கவை. பல்லவர் எடுத்த கைலாசநாதர் கோயில் மேற்கே வயல்களின் நடுவில் தனித்து நிற்கிறது. வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம், அதாவது சினகாஞ்சி, தனியூராக விளங்குகிறது. 1865இல் அரக்கோணத்திலிருந்து வந்த இருப்புப்பாதை, கோயில் வீதிகளுள் எதனையும் வெட்டாமல் ஊரின் புறத்தே சென்று செங்கற்பட்டை நோக்கிப் போகிறது. ஸ்காட்லாந்து நாட்டு நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ், தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களைக் கண்டு, அவற்றின் தெருவமைப்பை மேலைநாட்டார் கற்க வேண்டும் என்னும் கருத்துடையவரானார். 1914இல் அவர் சேகரித்து அனுப்பிய நகரப் படங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. பின்னர் புதிய படங்களை வரவழைத்தே 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

அன்பர்கள் சிறப்பாகக் காணத்தக்கது திருவெஃகா. அத்தலத்துப் புராணம் யாவரும் அறிந்ததே. பிரமன் இயற்றிய வேள்வியை அழிக்கக் கலைமகள் வேகவதியாறாகப் பெருகி வந்தாள். பெருமாள் ஆற்றின் குறுக்கே அணையாகப் பள்ளிகொண்டு வெள்ளத்தைத் தடுத்தார். பெரும்பாணாற்றுப்படையிலேயே பேசப்படும் பழந்தலம் அது. இன்று வேகவதி, காஞ்சியின் தென்பகுதியில் மெலிந்து ஓடுகிறது. பாலாறே பண்டொரு காலத்தில் வேகவதியின் வழியாகக் காஞ்சியை ஒட்டி ஓடியது என்று நில ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், ஊரைக் கொள்ளவந்த வெள்ளத்தின் நினைவும், அதனைத் தடுத்த கரையின் நினைவும் அப்புராணத்துள் அடங்கியுள்ளன என்று கொள்வதில் பிழையொன்றும் இல்லை.

இத்தலத்துக்கு உரிய இன்னொரு வரலாறும் உண்டு. திருமழிசையாழ்வாரின் மாணாக்கர் கணிகண்ணரை மன்னன் நாடுகடத்தினான். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டப் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு நகரை நீங்கினார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை ஆகி, ஓரிக்கை என மருவிற்று. இவ்வூர்ப்பெயர் காஞ்சியின் தென்கிழக்கே பாலாற்றுப் பக்கத்தில் இன்றும் நிலைத்துள்ளது. தெய்வம் நகரை விட்டுப் புறப்பட்டால் எவ்வழிப் போகும்? தெற்கே பாலாற்றை நோக்கிப் போகும். கரிராமனும் அவ்வாறே போனான். எழுவர் வேளாளரும் ஆற்றையே எதிர்கொண்டனர். வரலாற்றுக் காலத்திலும் 1688இல், முகலாயப் படை வருகைக்கு அஞ்சிக் காஞ்சித் தெய்வங்களைத் தெற்கே உடையார்பாளையத்துக்கு எழுந்தருளச் செய்தனர். வரதராசப் பெருமாள் 1710இல் மீண்டார். புறப்பாடும் ஆறு கடத்தலும் மீளுதலும் இந்நகரின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு என்னும் திருக்குளத்துள் அத்திமரத் திருமேனி உறைகிறது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அது வெளிப்படும். 1939இலும் 1979இலும் எழுந்தருளிய அத்திவரதர், 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நாற்பத்தெட்டு நாள் காட்சியளித்தார். ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் வழிபட்டனர். 1939க்கும் 1979க்கும் இடைப்பட்ட காலத்தில் அச்சான நிலப்படங்களில், அக்குளம் குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே உறையும் பொருளை எந்த அளவைக்காரரும் குறிக்க இயலாது. ஆயினும் அக்குளத்தில் நீர் நிற்பதற்குச் சுற்றிலும் உள்ள ஏரியும் கால்வாயும் மண்ணடி ஊற்றும் துணை செய்தல் வேண்டும். அவை யாவும் படத்தில் உள்ளன.

இங்கேதான் பழைய தாளையும் இன்றைய நகரையும் ஒப்பிடுவோர்க்கு வருத்தம் மிகுகிறது. 1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியாகிய காஞ்சியில், மஞ்சள் நீர்க் கால்வாய் கழிவுநீர் ஓடையாகிவிட்டது. வேகவதியின் கரையிலும் படுகையிலும் வீடுகள் எழுந்தன. கரையில் குடியிருந்தோரைக் குடியமர்த்தக் கீழ்க்கதிர்ப்பூரில் வாரியக் குடியிருப்புகள் கட்டப்பெற்றன. ஆற்றங்கரையில் குடிசை போட்ட நெசவாளரையும் கூலியாளரையும் மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. கால்வாயைத் தூர்த்து மாடிவீடும் வாணிகக் கூடமும் எழுப்பியோரும் உளர். பழைய தாளின் நீலக்கோட்டை அவர்கள் வாயிலின் முன்னும் நீட்டிப் பார்த்தல் வேண்டும். மழை பெய்யும் ஆண்டுகளில் வெள்ளம் அதனைத் தானே செய்துவிடுகிறது.

காஞ்சியை விட்டு ஆற்றோடு மலைக்குத் திரும்பும் வழி இனிது. பாலாற்றின் தென்கரையில் தூசி மாமண்டூர்ப் பேரேரி பரந்து கிடக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் அதன் கரைக்குன்றில் உள்ளன. சித்திரமேகத் தடாகம் என்பது அவ்வேரியின் பழம்பெயர். பாலாற்றோடு சிறிது கிழக்கே சென்றால் திருமுக்கூடல். அங்கே பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகின்றன. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வேதக்கல்லூரியும் மருத்துவச்சாலையும் கோயிலைச் சார்ந்து நடந்ததைக் கூறுகிறது. பணியாளர்க்கு அளந்த நெல்லும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயரும் அதில் உள்ளன. கோயிலுக்கு ஈந்த பொருள் நோயாளியின் கட்டிலருகே சென்ற காலம் அது.

திருமுக்கூடலில் கூடும் செய்யாற்றின் நீலக்கோட்டை விரலால் தொட்டு மேற்கே சென்றால், ஞானசம்பந்தர் பாடிய திருவோத்தூர் வரும். போளூர்ப் பக்கம் கடந்து, கலசபாக்கம் கடந்து, செங்கம் வரும். பின்னர்க் கோடு மெலிந்து காவி நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கும் சவ்வாது மலையுள் மறையும். காஞ்சித் தெய்வங்களின் அருகே சங்கமிக்கும் ஆறு பிறப்பது இம்மலையில். இம்மலையின் மேற்குச் சரிவில் விழும் நீர் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையைச் சேர்வதும் உண்மை. ஒரே மழை, முகட்டின் இருபக்கமும் பிரிந்து இரண்டு பேராறுகளுக்குப் போகிறது.

இச்செய்யாற்றங்கரைச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியதே மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடியில் கூத்தனுக்கு வழி சொல்கிறார். எங்கே வழுக்கும், எங்கே கானவர் விருந்தோம்புவர், எந்த ஆறு அருகே வரும் என்றெல்லாம் அதில் உண்டு. காஞ்சிக்கு வழிகாட்டப் பெரும்பாணாற்றுப்படை, இம்மலைப்புறத்திற்கு வழிகாட்ட மலைபடுகடாம். பத்துப்பாட்டில் வழிநூல்கள் ஐந்து; அவற்றுள் இரண்டு இந்த இரண்டு தாள்களின் நிலத்துக்கு உரியன. லாம்டனின் சங்கிலி வருவதற்கு ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு முன் செய்த படங்கள் அவை என்றால் மிகையாகாது.

புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என இம்மலையில் வழங்கும் பெயர்களும் எண்ணத்தக்கவை. பல்லவர் சோழர் காலத்தில் தொண்டைமண்டலம் கோட்டங்களாகவும், கோட்டம் நாடுகளாகவும், நாடு ஊர்களாகவும் பகுக்கப்பெற்றிருந்தது. காஞ்சி எயிற்கோட்டத்தைச் சேர்ந்தது. சமவெளியில் அப்பகுப்பு கல்வெட்டோடு நின்றுவிட்டது. அங்கே நாட்டார் கூடிய இடம் இன்று எவர்க்கும் தெரியாது. மலைமேல் மட்டும் நாடு என்பது பேச்சு வழக்கிலும், ஊராட்சிப் பெயரிலும், நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் கூடும் கூட்டத்திலும் உயிரோடு இருக்கிறது. ஆளும் எல்லைகளோ மாறியவண்ணம் உள்ளன. திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1989இல் அம்மாவட்டம் இரண்டாயிற்று. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. இத்தனைக்கும் புதூர்நாடு புதூர்நாடாகவே இருந்து வருகிறது.

மலைநாட்டுத் தாளில் பெரும்பரப்பைக் கொண்டது பச்சை நிறம். 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தின்படி ஒதுக்கப்பெற்ற காடுகளின் எல்லை, புள்ளிக்கோடாக ஊர்களைச் சுற்றி வளைத்துச் செல்கிறது. சவ்வாது மலைச் சந்தனம் புகழ் வாய்ந்தது. திருப்பத்தூரில் அதற்கு அரசின் கிடங்கு உண்டு. கோயிலில் அரைக்கும் சந்தனம் எந்த மலையில் வளர்ந்தது, அம்மரத்தருகே குடியிருந்தவர் யார் என்று எண்ணுவோர் குறைவு. எல்லைக்கோட்டுக்கு உள்ளே அகப்பட்ட ஊற்றும், மேய்ச்சல் நிலமும், தெய்வம் உறையும் மரமும், முன்னோர் ஈமநிலமும் தாளில் பெயரின்றிப் பச்சைக்குள் புதைந்துவிட்டன. ஓர் அங்குலத்தில் ஒரு மைலை அடக்கும் படத்தில் ஒரு மரத்துக்கு இடமில்லை. சிறு வழிபாட்டிடங்களும், கோபுரம் இன்றிக் கல்லொன்றே தெய்வமாக நிற்கும் இடங்களும் பெரும்பாலும் விடுபட்டன. இம்மலையூர்களில் புதிய கற்காலத்து வழுவழுப்பான கற்கோடரிகளைப் பிள்ளையாராக வைத்து வழிபடும் வழக்கம் உண்டு; அத்துணைப் பழமைக்கும் தாளில் குறியில்லை.

இக்குறை வெறும் ஆராய்ச்சிக் குறையாக நின்றுவிடவில்லை. நிலம் யாருடையது என்னும் வழக்கு எழும்போது, தாளில் இல்லாதது உலகிலும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. கோயில் நிலங்களும் இத்துன்பத்துக்கு ஆளாகியுள்ளன. கிராம வரைபடம், புலப்படம், அ பதிவேடு, பழைய இனாம் பதிவேடு ஆகியவற்றை எடுத்து வைத்துப் போராடியே பல கோயில்கள் தம் குளத்தையும் வயலையும் மீட்டன. சமவெளிக் கோயிலுக்கு அத்தகைய ஏடுகள் இருந்தன. காட்டெல்லைக்குள் இருந்த மலைத்தெய்வத்துக்கு ஏடு ஏது?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவ்விடத்தில் ஒரு வழியைத் திறந்தது. அதன்கீழ் 2008இல் வந்த விதிகள், உரிமை கோருவோர் காட்டத்தக்க சான்றுகளை வகுத்துக் கூறுகின்றன. அரசு ஏடுகளும் மாவட்டக் கையேடுகளும் நிலப்படங்களும் அவற்றுள் அடங்கும். கேணி, ஈமநிலம், வழிபாட்டிடம் போன்ற கண்கூடான அடையாளங்களும் அடங்கும். புனித மரங்களும் சோலைகளும் குளங்களும் சமுதாய உரிமைக்குச் சான்றாகக் கூறப்பெற்றுள்ளன. இவற்றோடு, உரிமை கோருபவர் அல்லாத முதியோர் கூறும் கூற்றை எழுதிக்கொண்டால் அதுவும் சான்றாகும். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும் என்பதும் விதி. கிராம சபையே முதலில் அதனை ஆராய்வது.

நூற்றாண்டின் நடுவில் அச்சான தாள்கள் இன்று அரிய பொருள்கள் அல்ல. அமெரிக்கப் படைத்துறையின் தாள்களை டெக்சாசுப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் யாவரும் காண வைத்துள்ளது. இந்திய நில அளவைத் துறையும் 2017 முதல் தன் பொதுப்பயன் படங்களை இணையவழியே வழங்கத் தொடங்கியது. 57 எல் எண்ணுக்குரிய தாளில் புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊற்றும் ஓடையும் ஒற்றையடிப் பாதையும் உள்ளன. அப்பாதை எந்தத் தெய்வத்திடம் போகிறது, அவ்வூற்றில் எந்தத் திருநாளில் நீர் எடுப்பர், எந்த மரத்தடியில் முதற்கதிரைப் படைப்பர் என்பவற்றைச் சொல்ல வேண்டியவர்கள், நாய்கள் பாலாற்றில் திரும்பிய கதையை இன்னும் மறவாத இந்நாட்டுப் பெரியோர்கள்.